டிரெய்லர் வீட்டில் டிவி: பேட்டரி தாங்கும், சுவர் தாங்குமா?

வேளச்சேரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஜீப்பின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார். வீட்டில் சும்மா இருக்கும் 32 அங்குல எல்.இ.டி. டிவியை அதில் மாட்ட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியையே தூக்கி வைத்துக்கொள்ளலாமா, டிவி எத்தனை மணி நேரம் ஓடும், ஏலகிரிக்குப் போனால் பிள்ளைகள் கிரிக்கெட் பார்க்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். மாட்டுவதைப் பற்றி ஒரே ஒரு வரிதான்: "சுவரில் திருகிவிடலாம் அல்லவா?" எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான். கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கம் படப்பிடிப்புக் கேரவன்களுக்குப் பல ஆண்டுகளாக மின்வேலை செய்துவருகிறேன். பேட்டரி போதாமல் டிவி நின்றதாக என்னிடம் வந்தவர்கள் குறைவு. டிவி கழன்று விழுந்ததென்றும், 12 வோல்ட் என்று நம்பிக் கொடுத்த இணைப்பில் டிவி எரிந்துபோனதென்றும் வந்தவர்களே அதிகம்.

முதலில் சுவர். டிரெய்லரின் உட்சுவராகக் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை. அதன் பின்னால் வெப்பத்தைத் தடுக்கும் தெர்மோகோலோ ஃபோமோ இருக்கும். இடையிடையே அலுமினியம் அல்லது இரும்புச் சட்டம் ஓடும். அதற்கும் வெளியே மெல்லிய தகடு. சட்டம் இல்லாத இடத்தில் மரத்திருகு போட்டால் அது பிடித்திருப்பது அந்த 3 மில்லிமீட்டரை மட்டுமே. திருகும்போது சுகமாக ஏறும், கையால் இழுத்துப் பார்த்தாலும் அசையாது. வேகத்தடைகளும் குழிகளுமாக ஒரு நாள் ஓடிய பிறகு டிவிக்கு நேர் கீழே இருக்கும் மெத்தை விரிப்பைப் பாருங்கள்: பொடிப்பொடியாக மரத்தூள் உதிர்ந்திருக்கும். திருகு இன்னும் தளர்ந்திருக்காது. ஆனால் துளை உள்ளுக்குள் அகன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தூளைக் கண்ட பிறகும் "கெட்டியாகத்தான் இருக்கிறது" என்று ஓட்டிச் செல்பவர்களுக்குத்தான் டிவி விழுகிறது. கான்கிரீட் சுவருக்கென்று பெட்டியிலேயே தரும் பிளாஸ்டிக் முளைகளுக்கு இங்கே வேலையே இல்லை. அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

எங்கே மாட்டுவது? வெளிச்சுவரை விடுங்கள். உங்கள் டிரெய்லரில் அலமாரிக்கோ கழிப்பறைக்கோ குறுக்கே ஒரு தடுப்பு இருக்கும். அது 12 அல்லது 18 மில்லிமீட்டர் பிளைவுட்டாக இருந்தால் அதுதான் இடம். காரணங்கள் பல. இரண்டு பக்கமும் கை எட்டுவதால், இந்தப் பக்கம் பிராக்கெட், அந்தப் பக்கம் ஓர் அலுமினியத் தகடு, நடுவே துளைத்துச் செல்லும் எம்6 (6 மில்லிமீட்டர்) போல்ட்டு, பெரிய வாஷர், நைலாக் நட்டு என்று முறையாக முடுக்கலாம். நைலாக் நட்டில் உள்ளே நைலான் வளையம் இருப்பதால் அதிர்வில் தானாகக் கழலாது. வெளித்தகட்டைத் துளைக்கும் ஆபத்தும் இல்லை. வெளிச்சுவரில் நீளம் கூடிய ஒரு திருகு தகட்டைக் குத்திவிட்டால், ஐப்பசி மழையில் அங்கிருந்து உள்ளே இறங்கும் தண்ணீர் முதலில் பிளைவுட்டை ஊறவைக்கும், பிறகு நாற்றமெடுக்கும், கடைசியாகத்தான் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று வெயில். சித்திரை, வைகாசியில் மேற்கு வெயில் படும் தகட்டின் பின்னால் டிவியின் முதுகு இருந்தால் அது வெந்துவிடும். முடிந்தால் சக்கர அச்சுக்கு அருகில் இருக்கும் தடுப்பையே தேர்ந்தெடுங்கள். டிரெய்லர் குழியில் இறங்கும்போது அச்சுக்கு மேலே இருக்கும் பகுதியைவிட வால்பகுதி அதிகமாகத் தூக்கிப் போடும்.

அப்படித் தடுப்பு எதுவும் இல்லை, வெளிச்சுவர்தான் கதி என்றால், சட்டத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். இரும்புச் சட்டத்தைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். அலுமினியத்துக்குக் காந்தம் உதவாது. விரலால் தட்டிச் சத்தம் மாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மிக மெல்லிய துளைக்கோலால் ஒரு துளை போட்டு உறுதிசெய்யுங்கள். துளைக்கோலில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்காதபடி டேப் சுற்றிக்கொள்வது அவசியம். குறைந்தது இரண்டு சட்டங்களைத் தொடும் அளவுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்றை வெட்டி, அதை ரிவெட் நட்டு (ஒரு பக்கத்திலிருந்தே மெல்லிய உலோகத்தில் பிடித்துக்கொள்ளும் நட்டு) மூலம் சட்டத்தோடு பிணைத்து, பிராக்கெட்டை அந்தப் பிளைவுட்டின் மேல் போல்ட்டில் மாட்டுங்கள். போல்ட்டுத் தலைகள் பின்புறம் பதிந்திருக்கும்படி, பலகையைச் சுவரில் ஏற்றுவதற்கு முன்பே அவற்றைச் செருகிவிட வேண்டும். ரிவெட் நட்டு அடிக்கும் கருவி வீட்டில் இருக்காது. புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ வண்டிக்கு உடல்வேலை செய்பவர்களிடம் இருக்கும்; அவர்களுக்கு அது ஐந்து நிமிட வேலை.

பிராக்கெட் விஷயத்தில் எல்லோருக்கும் ஆசை நீளும் கை கொண்டதன் மேல்தான். வெளியே இழுத்துத் திருப்பிப் படுக்கையிலிருந்தும் பார்க்கலாம், சமையல் மேடையிலிருந்தும் பார்க்கலாம். தண்ணீர் நிரம்பிய வாளியைக் கையை உடம்போடு ஒட்டி வைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். 32 அங்குல டிவி, தாங்கும் கால் இல்லாமல், ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ. கையை 40 சென்டிமீட்டர் நீட்டினால், மேல் கீழ் போல்ட்டுகளுக்கு நடுவே 15 சென்டிமீட்டர் இருக்கும் ஒரு பிராக்கெட்டில், மேல் போல்ட்டுகளை வெளியே இழுக்கும் விசை சுமார் 13 கிலோ. வண்டி நிற்கும்போதே இவ்வளவு. குழியில் விழும்போது மூன்று மடங்கு என்று வைத்தால் 40 கிலோ. சுவரை ஒட்டி 5 சென்டிமீட்டரில் உட்காரும் நிலையான பிராக்கெட்டில் இதே விசை 2 கிலோவைக்கூடத் தொடாது. இதில் 13, 2 என்பவை நெம்புகோல் கணக்கு. யார் போட்டாலும் அதுதான் வரும். மூன்று மடங்கு என்பது நான் வழக்கமாக வைத்துக்கொள்ளும் பாதுகாப்பு அளவு. உங்கள் வண்டியின் பட்டை ஸ்பிரிங், டயரின் காற்று, சாலை ஆகியவற்றைப் பொறுத்துக் கூடும், குறையும். வெளிநாட்டு டிரெய்லர்களில் பயணத்தின்போது கையைப் பூட்டிவைக்கும் ஊசியோடு தனி பிராக்கெட்டுகள் போடுகிறார்கள். நம் கடைகளில் கிடைப்பவை வீட்டுச் சுவருக்கானவை, பூட்டு இராது. நீளும் கைதான் வேண்டும் என்றால் மடக்கிய நிலையில் டிவியைச் சுற்றிச் சுவரோடு இழுத்துக் கட்ட ஒரு பட்டையும், அதை மாட்ட இரண்டு கொக்கிகளும் சேர்த்துப் போடுங்கள்.

நிலையான பிராக்கெட்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விலை குறைந்த மாடல்களில் டிவியின் பின்னால் திருகும் இரண்டு பட்டைகள் சுவர்த்தகட்டின் மேல் விளிம்பில் வெறுமனே கொக்கி போட்டுத் தொங்கும். வீட்டில் அது போதும். வண்டியில் ஒரு பெரிய வேகத்தடை டிவியை மேலே தூக்கிப்போட்டால் கொக்கி விளிம்பை விட்டு எழும்பிவிடும். பட்டையின் கீழ்ப்பகுதியில் திருகி இறுக்கும் பூட்டுத்திருகு இருக்கிறதா என்று கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். இல்லையென்றால் அதை வாங்காதீர்கள்.

டிவியின் பின்புறத் துளைகள் வெசா என்ற அளவுமுறையில் இருக்கும். 32 அங்குலத்தில் 100-க்கு 100, 200-க்கு 100, 200-க்கு 200 மில்லிமீட்டர் எல்லாமே காணப்படுகின்றன. அளந்துவிட்டுப் பிராக்கெட் வாங்குங்கள். சிறிய இடைவெளி கொண்டவற்றுக்கு எம்4 திருகு, 200-க்கு 200 வந்தால் பெரும்பாலும் எம்6. திருகின் நீளம்தான் இங்கே உயிர்நாடி. காது குடையும் பஞ்சுக் குச்சியைத் துளைக்குள் விட்டு ஆழத்தை அளந்து, பட்டையின் கனத்தைக் கூட்டி, அந்த நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவாகவே திருகு எடுங்கள். நீளம் கூடினால் உள்ளே சர்க்யூட் அட்டையையோ பேனலின் முதுகையோ குத்தும். மிகக் குறைந்தால் இரண்டு மரை மட்டும் பிடித்து, பித்தளைப் புரியோடு பிய்த்துக்கொண்டு வரும். திருகு கழலாமல் இருக்க ஊற்றும் பசை சுவர்ப்பக்க இரும்புப் போல்ட்டுகளுக்கு நல்லது. டிவிப் பக்கம் அதைத் தொடாதீர்கள். அந்தப் பசை சிலவகைப் பிளாஸ்டிக்கில் விரிசல் விடச்செய்யும். அங்கே ஸ்பிரிங் வாஷர் போதும். டிவியின் கீழ் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே கதவு இடுக்கில் ஒட்டும் ஃபோம் பட்டையைச் சற்று அழுந்தும்படி வைத்தால் படபடவென்று அடிக்கும் ஓசையும் நிற்கும்.

மலைப்பாதைக்கு மட்டும் என் கட்சி வேறு. ஏலகிரியில் 14 கொண்டையூசி வளைவுகள், கொல்லிமலையில் 70. அப்படிப்பட்ட பயணத்துக்கு முன் பூட்டுத்திருகைக் கழற்றி டிவியை இறக்கி, திரைக்கு நேராக எதுவும் அழுத்தாதபடி போர்வையில் சுற்றி, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்துவிடுவேன். படுக்கப்போட்டு மேலே பையை அடுக்குவதுதான் பேனல் உடைய நிச்சயமான வழி. இது அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்று என்னோடு வேலை செய்பவர்களே சொல்வார்கள். நன்றாக மாட்டிய டிவி எந்த மலையும் ஏறும் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் உண்டு.

இனி மின்சாரம். உங்கள் டிவியின் பின்புறத் தகட்டில் 50 அல்லது 60 வாட் என்று போட்டிருக்கும். அது உச்ச அளவு. வெளிச்சத்தைப் பாதிக்கு வைத்து, நடுத்தர ஒலியில் பார்த்தால் 32 அங்குலம் பெரும்பாலும் 30 முதல் 45 வாட்டுக்குள் அடங்கும். கணக்குக்கு 40 என்று வைப்போம். இன்வெர்ட்டர் 12 வோல்ட்டை 230 ஆக்கும்போது 15 சதவீதம் போல வீணாகும். தான் விழித்திருப்பதற்கே சில வாட்டுகள் எடுத்துக்கொள்ளும். ஆக மொத்தம் பேட்டரியிலிருந்து 55 வாட். செட்டாப் பாக்ஸுக்கு 10 சேர்த்தால் 65. நல்ல நிலையில் இருக்கும் 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில், 12 வோல்ட்டால் பெருக்கினால், 1,200 வாட்-மணி இருக்கிறது. அதன் ஆயுளை மதித்துப் பாதியை மட்டும் எடுத்தால் 600. ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடும். அதே 100 ஆம்பியர்-மணியில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 80 சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம். ஏறக்குறைய 15 மணி நேரம் ஓடும். இரண்டு ஆட்டங்களை முழுசாகப் பார்த்துவிட்டுத் தூங்கலாம். டிரெய்லரில் இருக்கும் பொருட்களில் டிவி ஒரு சிறு தீனிக்காரர். ஏ.சி. போட நினைத்தால்தான் கணக்கு முற்றிலும் வேறு. அதற்கு இந்தப் பேட்டரி எதுவும் கட்டுப்படியாகாது.

உங்களுடைய 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி கணக்கில் பொருந்தும், டிரெய்லரில் பொருந்தாது. அமிலம் நிரப்பிய நிலையில் அது 50 கிலோவுக்கு மேல். உயரமான உடம்பு. வளைவில் சாய்ந்தால் அமிலம் சிந்தும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். மூடிய அறையில் பிள்ளைகள் படுத்திருக்கும் கட்டிலுக்கு அடியில் அது இருக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மூடப்பட்ட எஸ்.எம்.எஃப். வகையோ லித்தியமோ வாங்குங்கள். அதையும் பட்டை போட்டுத் தரையோடு கட்டுங்கள். ஜீப்பின் ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து டிவிக்கு இழுப்பதும் வேண்டாம். ஒரு நொடிக்குப் பெரும் மின்னோட்டம் தருவதற்கென்று செய்யப்பட்டது அது. மெதுவாக ஆழமாக வடித்தால் சீக்கிரமே கெட்டுவிடும். காலையில் ஜீப் கிளம்பாமல் மலையில் நிற்பதும் நடக்கும்.

இன்வெர்ட்டர் வேண்டுமா என்றால், உங்கள் டிவிக்கு வேண்டும். நம் கடைகளில் விற்கும் 32 அங்குல டிவிகளில் பெரும்பாலானவை நேராக 230 வோல்ட் சுவர் பிளக்கை எதிர்பார்ப்பவை. மின்வழங்கி டிவிக்குள்ளேயே இருக்கும். அதைத் திறந்து உள்ளே 12 வோல்ட் கொடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் கைதேர்ந்தவர்கள் ரிச்சி தெருவில் உண்டு. சில டிவிகளில் அது நடக்கும். ஆனால் திரைக்குப் பின்னால் இருக்கும் எல்.இ.டி. வரிசைக்குத் தனியாக உயர் வோல்ட் தேவைப்படும்; அந்தப் பகுதியும் மின்வழங்கி அட்டையிலேயே இருந்தால் வேலை சிக்கலாகிவிடும். நல்ல டிவியை இதற்குப் பலியிடச் சொல்ல மாட்டேன். வீட்டு மின்சாரத்தைப் போலவே சீரான அலை தரும் 300 வாட் பியூர் சைன் இன்வெர்ட்டர் ஒன்று போதும். மாடிஃபைடு சைன் வகை மலிவு, அதிலும் டிவி ஓடும்; சிலவற்றில் ஸ்பீக்கர் இரைச்சலும் கூடுதல் சூடும் வரும். எதில் வரும், எதில் வராது என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதால் கொஞ்சம் கூடக் கொடுத்துப் பியூர் சைன் வாங்குவது லாபம்.

1,000 வாட் இன்வெர்ட்டரை "பிற்காலத்துக்கு உதவும்" என்று வாங்காதீர்கள். பெரியதாகப் பெரியதாக அது சும்மா இருக்கும்போது தின்பதும் கூடும். சிறியது 8 வாட் எடுத்துக்கொண்டாலே 24 மணி நேரத்துக்கு 192 வாட்-மணி. நீங்கள் மூன்று மணி நேரம் பார்க்கும் டிவிக்கு 120தான். ரிமோட்டில் டிவியை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை விட்டுவிடுபவர்கள்தான் "பேட்டரி நிற்கவில்லை" என்று வருவார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் இன்வெர்ட்டருக்கு ஒரு சுவிட்சு வைத்துவிட்டால் தீர்ந்தது. இரவில் அதன் விசிறிச் சத்தமும் நிற்கும். சிறிய டிரெய்லரில் அது தலைமாட்டிலேயே கேட்கும்.

இன்னொரு வழி, வேறு டிவி வாங்குவது. 24 அங்குல டிவிகளிலும் மானிட்டர்களிலும் சிலவற்றுக்கு மின்வழங்கி வெளியே அடாப்டராக வரும். அடாப்டரின் மேல் 12 வோல்ட் அல்லது 19 வோல்ட் என்று எழுதியிருக்கும். டிரெய்லரில் திரைக்கும் கண்ணுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மீட்டர்தான் இருக்கும். 24 அங்குலம் தாராளம். 12 வோல்ட் என்று எழுதியிருப்பதைக் கண்டதும் நேராகப் பேட்டரியில் இணைக்கும் ஆசை வரும். அங்கேதான் டிவி எரிகிறது. பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: நிறைந்து ஓய்வில் இருக்கும்போது 12.7, பாதி வடிந்தால் 12.2, சோலாரோ ஜீப்போ சார்ஜ் ஏற்றும்போது 14.4. எழுத்தில்தான் 12, கையில் 11.5-லிருந்து 14.4 வரை ஆடும். அடாப்டர் தந்தது அசையாத 12. ஆகவே நடுவே ஒரு டி.சி. கன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும்: உள்ளே 9 முதல் 36 வோல்ட் வரை எது வந்தாலும் வெளியே 12 மட்டும் தருவது, 5 ஆம்பியருக்குக் குறையாதது. 19 வோல்ட் மானிட்டராக இருந்தால் காரில் லேப்டாப் சார்ஜ் செய்யும் வகை. இன்வெர்ட்டரின் வீண் இழப்பும் இதில் பெரிதும் குறையும். செட்டாப் பாக்ஸ்களில் பலவும் 12 வோல்ட் அடாப்டரோடு வருபவையே. அதே கன்வெர்ட்டரில் அதையும் ஓட்டலாம், இரண்டின் ஆம்பியரையும் கூட்டிப் பார்த்த பிறகு.

வயர். 12 வோல்ட்டில் மெல்லிய வயர் திருடன். பேட்டரியிலிருந்து டிவிக்கு 5 மீட்டர் தூரம் என்றால் போக வர 10 மீட்டர். அதில் 5 ஆம்பியர் ஓடும்போது, 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் 1.2 வோல்ட் போல வழியிலேயே காணாமல் போகும், 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.35 மட்டும். 12.2-லிருந்து 1.2 போனால் மீதி 11. சில டிவிகள் அங்கே தானாக அணைந்து அணைந்து எரியும். உடனே டிவியில் கோளாறு என்று முடிவு கட்டிவிடுவார்கள். இன்வெர்ட்டர் போடுவதானால் அதைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள். 12 வோல்ட் பக்கம் 10 சதுர மில்லிமீட்டர் கேபிளும் 40 ஆம்பியர் ஃபியூஸும் போட்டு, 230 வோல்ட்டை நீளமாகக் கொண்டுபோங்கள். அந்தப் பக்கம் சாதாரண வயரே போதும். நேரடி 12 வோல்ட் டிவி மட்டும் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர், 7.5 அல்லது 10 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். அது காப்பது வயரை; உரசித் தேய்ந்த வயர் சட்டத்தில் பட்டால் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் பகுதிதான் தீப்பிடிக்கும். தகட்டைக் கடக்கும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் போடுங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி ஓட்டாதீர்கள். அதிர்வில் அது தளர்ந்து சூடேறும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி நிறுத்துபவர் என்றால், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியும், வயர் முனையில் நசுக்கிப் பொருத்திய (கிரிம்ப்) லக்கின் மேல் பசையுள்ள சுருங்குகுழாயும் செலவுக்குத் தகும். உப்புக் காற்று வெறும் செம்பை ஓரிரு மழைக்காலத்திலேயே பச்சையாக்கிவிடும்.

சார்ஜ் எங்கிருந்து? 100 வாட் சோலார் பலகை சென்னை வெயிலில் ஒரு நல்ல நாளைக்கு ஏறக்குறைய 400 வாட்-மணி தரும். மேகமூட்டத்தில் அதில் கால்வாசி கிடைத்தால் அதிர்ஷ்டம். டிவியும் ஒரு சிறு மின்விசிறியும் என்றால் அதுவே போதும். ஜீப்பிலிருந்து டிரெய்லர் பிளக் வழியே வரும் மெல்லிய வயரில் பேட்டரி நிறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். வழியில் வோல்ட் விழுந்து, பாதி நிறைந்ததோடு நின்றுவிடும். புதிய ஜீப்புகளில் ஆல்டர்னேட்டரே எரிபொருள் மிச்சப்படுத்தத் தன் வோல்ட்டைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. டிரெய்லருக்குள் பேட்டரி அருகே விழுந்த வோல்ட்டை மீண்டும் உயர்த்தித் தரும் ஒரு 20 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர், ஜீப்பிலிருந்து அதற்குத் தனித் தடித்த கேபிள், இரு முனையிலும் ஃபியூஸ் என்பதே சரியான அமைப்பு. ஈய-அமிலமானால் ஓய்வில் 12.2-க்குக் கீழே இறங்கவிடாதீர்கள். இன்வெர்ட்டரின் தாழ்வு எச்சரிக்கை பெரும்பாலும் 10.5-ல்தான் கத்தும், அதற்குள் பேட்டரியின் ஆயுளில் ஒரு துண்டு போயிருக்கும். லித்தியத்தில் வோல்ட் கடைசி வரை ஏறக்குறைய 13-லேயே நிற்பதால் மல்டிமீட்டர் எதையும் சொல்லாது. பேட்டரிக்குள் போவதையும் வெளியே வருவதையும் எண்ணும், ஷண்ட் வைத்த மீட்டர் ஒன்று போடுங்கள்.

விடுதி வளாகத்தில் 230 வோல்ட் கொடுக்கிறார்கள் என்றால் அதை டிரெய்லருக்குள் கொண்டுவருவது தனி வேலை. உங்கள் டிவியின் தகட்டில் 100-240 வோல்ட் என்று இருந்தால் அதற்காக ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஆனால் மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., சட்டத்தோடு சேர்ந்த எர்த், வெளிமின்சாரமும் இன்வெர்ட்டரும் ஒரே சாக்கெட்டில் ஒருபோதும் சந்திக்காதபடி மாற்றுச் சுவிட்சு ஆகிய மூன்றும் வேண்டும். எழுத்தில் படித்துச் செய்யக் கூடிய வேலை அல்ல இது. உரிமம் பெற்ற மின்பணியாளரை வரவழைத்துச் செய்யுங்கள்.

கடைசியாகக் கிரிக்கெட். மொபைல் சிக்னல் இருக்கும் இடத்தில் போனின் ஹாட்ஸ்பாட் எளிது. டிவியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து ஸ்ட்ரீமிங் குச்சிக்கு மின்சாரம் எடுத்தால் சில டிவிகளில் போதாமல் அது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். 12 வோல்ட்டிலிருந்து தனி 5 வோல்ட் சார்ஜர் கொடுங்கள். சிக்னல் இல்லாத இடத்துக்கு டிஷ். டி.டி. ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை; அது கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15-லிருந்து வருகிறது. எல்லா ஆட்டமும் அதில் வராது என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சென்னையிலிருந்து அந்தச் செயற்கைக்கோள் வடக்கிலிருந்து வலமாக 134 டிகிரியில், அதாவது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. ஏலகிரியில் 129-ம் 67-ம். ஊட்டிக்குப் போனால் 123-ம் 66-ம். இவ்வளவு உயரத்தில் இருப்பதால் பக்கத்துக் கட்டடம் மறைப்பது அபூர்வம், தலைக்கு மேல் கவிந்த மரக்கிளைதான் எதிரி. நிழலுக்காக மரத்தடியில் டிரெய்லரை நிறுத்திவிட்டு டிஷ்ஷைக் கூரையில் பொருத்தியிருந்தால் ஒன்றும் வராது. டிஷ்ஷை முக்காலியில் தனியே வைத்து, பத்து மீட்டர் கேபிளோடு வெட்டவெளிக்குக் கொண்டுபோங்கள். முக்காலியின் தண்டு செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டால் உயரத்தைச் சென்னையில் வைத்தபடியே விட்டுவிட்டு, இடவலமாக மட்டும் மெல்லத் திருப்பலாம். ஓரிரு டிகிரி வித்தியாசத்தைக் கடைசியில் சரிசெய்துகொள்ளலாம். டிஷ் வளைவு முகம் 68 டிகிரி அண்ணாந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்; இவை சிக்னலைச் சாய்வாக வாங்கும் ஆஃப்செட் வகை, பார்வைக்கு அதைவிட நிமிர்ந்தே நிற்கும். ரிச்சி தெருவில் கிடைக்கும் சிறு சிக்னல் மீட்டர் ஒன்று இருந்தால் வேலை பத்து நிமிடத்தில் முடியும். பெருமழை கொட்டும் நேரத்தில் படம் போனால் டிஷ்ஷைத் தொடாதீர்கள், மழை விட்டதும் தானே வரும்.

டிவியின் பின்புறத் தகட்டில் உள்ள வாட், வோல்ட் விவரத்தையும், வெசா அளவையும், தடுப்புப் பலகையின் கனத்தையும், பேட்டரி வைக்கும் இடத்திலிருந்து டிவி வரை வயர் ஓடும் நீளத்தையும் எழுதுங்கள். வயர், ஃபியூஸ், திருகு மூன்றுக்கும் அளவைச் சொல்கிறேன். ஒரே நடையில் ரிச்சி தெருவையும் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளையும் முடித்துவிடலாம்.